சோப்பு டப்பாவில் ஒரு கரகரப்பு

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் அவரால் விட்டுவைக்க முடியாது. கச்சேரிக்குப் போன ஊரில் எங்களுக்கு ஒதுக்கிய அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றினால், அது எப்படிச் சத்தமில்லாமல் சுற்றுகிறது என்று பார்ப்பதற்காகக் கழற்றுவார். மாட்டிய பிறகு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைப் போக்க இன்னொரு தரம் கழற்றுவார். நாங்கள் வியர்த்து விறுவிறுத்து வராந்தாவில் உட்கார்ந்திருப்போம்.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் நான் பாடினேன்; அவர் கிட்டார் வாசித்தார். பகலில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. அவருக்குப் பக்கத்து வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. கோயில் கொடை, சர்ச் பண்டிகை, கல்யாண வரவேற்பு என்று வருஷம் முழுக்க வேனில் அலைந்தோம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பாட்டு இல்லை, இடுப்பு வலி. அதற்கடுத்தது, வேனின் பின்சீட்டில் மடியில் ஒரு சோப்பு டப்பாவை வைத்துக்கொண்டு திருப்புளியோடு குனிந்திருக்கும் அவருடைய உச்சந்தலை.

நான் அவரைக் கிட்டார் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒல்லியான ஆள். பேசும்போது விரல்கள் எதையாவது திருகிக்கொண்டே இருக்கும். சட்டைப் பொத்தான், தண்ணீர் பாட்டில் மூடி, எதிரே நிற்பவரின் குடைப்பிடி, எது அகப்பட்டாலும் சரி.

சோப்பு டப்பா வந்த கதை இது. திசையன்விளையில் ஒரு கொடைக்கு எங்களோடு நாகர்கோவில் குழு ஒன்றும் வந்திருந்தது. அந்தக் குழுவின் கிட்டார்காரனிடம் வெளிநாட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. காலடியில் கிடக்கும்; காலால் மிதித்தால் கிட்டாரின் குரலே மாறிவிடும். சினிமாப் பாட்டுகளில் அப்போதுதான் அந்தக் கரகரப்பான கிட்டார் நிறைய வர ஆரம்பித்திருந்தது. கூட்டத்துப் பையன்கள் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் அண்ணன் அந்த ஆளிடம் போய், "ஒரு வாட்டி மூடியத் திறந்து காட்டுதீயளா?" என்று கேட்டார். அவன் திறந்தும் காட்டினான். உள்ளே இருந்தது முழுக்கக் கறுப்புப் பசை. யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாது என்று செய்தவர்களே ஊற்றி இறுக்கியிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் வேனில் எல்லோரும் தூங்கினோம். அவர் மட்டும் முழித்திருந்தார். "பசைய ஊத்தி மூடுற அளவுக்கு உள்ள என்ன இருந்துறப் போவுது?" என்று கேட்டார். என் பாதித் தூக்கத்தில் அது காதில் விழுந்தது; யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

ஜங்ஷனில் ரேடியோ சாமான் விற்கும் கடையில் வாங்கியது கொஞ்சம், பழைய டேப்ரிக்கார்டர்களில் பிடுங்கியது கொஞ்சம். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவுக்குள் அடக்கி, டப்பாவை ஒரு பலகையில் திருகினார். காலால் மிதிக்க, அம்பாசடர் காரில் முன்விளக்கைத் தாழ்த்த மிதிப்பார்களே, அந்தச் சுவிட்சு. அதைத் தேடித் தச்சநல்லூரில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்திருக்கிறார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒரு முறை சொன்னார். கிட்டார் கம்பியிலிருந்து வருகிற சின்னச் சத்தத்தை ஒரு ஐ.சி. ஊதிப் பெரிதாக்குமாம். அளவுக்கு மீறிப் பெரிதானதின் உச்சியை இரண்டு டயோடுகள் வெட்டிவிடும். "நீ மேல போயிப் பாடும்போது தொண்டை லேசாக் கிழியும் பாரு பிள்ள, அந்த இடத்துலதான கேக்கவனுக்குப் புல்லரிக்கி? அந்தக் கிழிசல்தான் இது. கிழியவும் செய்யணும், பிஞ்சிறவும் கூடாது." பிறகு ஒரு கெப்பாசிட்டரைக் காட்டினார். கூரான சத்தத்தை வழித்து வெளியே விடுவது அதன் வேலை. அது பெரிதாக இருந்தால் கிட்டார் மழுங்கும், சிறிதானால் கூர் ஏறும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பின்னால் நடந்ததற்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் டப்பாவைச் சேரன்மகாதேவியில் ஒரு கோயில் கொடையில் மிதித்தார். நான் மைக்கைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தேன். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்தில் இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம். என் குரலுக்குக் கீழே வந்து தாங்கிக்கொண்டது. அன்றைக்கு எனக்குத் தொண்டை சரியில்லை; அந்தச் சத்தத்தின் மேல் சாய்ந்துகொண்டுதான் பாடி முடித்தேன். கீழே விசில் பறந்தது. எங்கள் குழுவை நடத்தியவர், அவரே கீபோர்டும் வாசிப்பார், எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் மேடையிலேயே எழுந்து வந்து கிட்டார் அண்ணன் முதுகில் தட்டினார். "வே, இனி இதத் தொடாதீரும்! இப்பிடியே இருக்கட்டும்."

அடுத்த ஒத்திகைக்கு வந்தபோது டப்பா திறந்து கிடந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இன்னும் திறக்கல" என்றார். முதலில் இருந்த பாகங்களை வேறெதற்கோ கழற்றிப் போட்டுவிட்டிருந்தார். சேரன்மகாதேவியில் கேட்ட அந்தச் சத்தத்தை நான் பிறகு கேட்கவே இல்லை.

"இன்னும் திறக்கல." அவர் வாயில் அதிகம் கேட்டது இந்த வார்த்தைதான். ஒலி எங்கேயோ மூடிக் கிடக்கிறது, ஒரு கதவைத் திறந்தால் வெளியே வந்துவிடும் என்பது அவர் எண்ணம்.

ஒரு சர்ச்சில், ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை. மதியச் சாப்பாட்டுக்கு வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்க, பக்கத்துப் பந்தலில் நாங்கள் பக்திப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். அவர் சுவிட்சை மிதித்தார். கிட்டாருக்குப் பதில் ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் கணீரென்று, "பாபநாசம் அணையின் நீர்மட்டம்" என்று ஆரம்பித்தது. முந்தின நாள் எதையோ மாற்றியதில் டப்பா வானொலியைப் பிடித்துவிட்டது. அண்ணாச்சி முகம் சிவந்து கையைக் காலை ஆட்டினார். பந்தியில் இருந்த ஒரு விவசாயி, கையில் சோற்றுருண்டையோடு, "ஏ நிறுத்தாதிய, அணையில தண்ணி எவ்ளோ இருக்குன்னு கேட்டுக்கிடுதோம்" என்றார். எல்லோரும் கேட்டுக்கொண்டோம். ஆயர் சிரித்துவிட்டார், அதனால் தப்பித்தோம். வேனில் ஏறியதும் அண்ணன் என் காதோரம் வந்து, "அவ்வளவு சின்ன அலையவே பிடிச்சிட்டுன்னா பாத்துக்கோ பிள்ள. உள்ள பலம் இருக்கு" என்றார். சிகரெட் பெட்டிகளின் வெள்ளித்தாளைச் சேகரித்து டப்பாவின் உட்புறம் முழுக்க ஒட்டி அந்தக் கோளாறைச் சரி செய்தார். அவரிடம் கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டும். எங்களிடம் அது இருந்ததில்லை.

அவர் வீட்டில் ஒரே ஒரு மேஜை. அதில் பாதி அவருடைய மனைவியின் தையல் மிஷினுக்கு. அந்த மதினிதான் எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். மீதிப் பாதியில் இவர் சால்டரிங் இரும்போடு உட்கார்ந்திருப்பார். ஈயச் சொட்டு விழுந்து யாரோ ஒருத்தியின் கல்யாண ஜாக்கெட் துணி பொசுங்கியபோது நான் அங்கே இருந்தேன். மதினி துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் அந்த இடத்தில் ஒரு ஜரிகைப் பூவைத் தைத்து மூடினாள்.

"முடிஞ்சிட்டுன்னு நேத்துதான சொன்னிய? இன்னைக்கு என்னத்துக்கு மறுபடியும் பிரிச்சிருக்கிய?"

"நேத்து முடிஞ்சிட்டு. இன்னைக்குக் கேட்டா மூடுன மாரி இருக்கு."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு."

"ஒனக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். அவளை மட்டம் தட்டிச் சொன்னதல்ல. அவருக்கு அது உண்மை.

ஒரு வருஷம் போயிருக்கும். சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் எனக்குத் தலைவலி என்று நினைத்தேன். அவர் சுவிட்சை மிதிக்கும்போதெல்லாம் பின்மண்டையில் ஒரு குத்து. பிறகு டிரம்ஸ்காரர் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மேலப்பாளையத்தில் மைக்செட் கடை மாடியில் ஒத்திகை நடக்கும்போது அண்ணாச்சி ஒரு நாள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"என்னவே இது, தகரத்த அறுக்குத மாரி?"

"அறுக்கா? எங்க அண்ணாச்சி அறுக்கு? கம்பளியப் போத்துனாப்ல கெடக்கு. அதுக்குத்தான் கெப்பாசிட்டர இன்னும் குறைச்சுப் பாக்கேன்."

"குறைச்சது போதும்வே. பல்லு கூசுது."

அவர் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஏன் பொய் சொல்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

கடைசியில் பாளையங்கோட்டையிலேயே ஒரு கல்யாண வரவேற்பு. ஊரில் பெரிய குடும்பம். முன்வரிசையில் குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். அவர் மிதித்தார். குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காதைப் பொத்தின. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. பெண்ணின் மாமா மேடையேறி வந்தார். அண்ணாச்சியிடம் அல்ல, நேராக இவரிடம் போனார்.

"எய்யா, ஒமக்குப் புண்ணியமாப் போவும். அந்தக் கிட்டார நிறுத்தும். பிள்ளையெல்லாம் அழுவுது."

மரியாதையாகத்தான் சொன்னார். அண்ணன் குனிந்து வயரைப் பிடுங்கினார். ஆனால் மேடையை விட்டு இறங்கவில்லை. மீதிக் கச்சேரி முழுக்க, வயர் இல்லாத கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் விரலை ஓட்டிக்கொண்டு நின்றார். இறங்கிப் போனால் குழுவில் ஏதோ தகராறு என்று வந்தவர்கள் நினைப்பார்கள் என்பதற்காக அப்படி நின்றார் என்று பிறகு மதினி சொன்னாள். நான் அவர் பக்கம் திரும்பாமல் பாடினேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாக்கெட் வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மதினி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர் மேஜையில் குனிந்திருந்தார். எட்டிக் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஸ்டவ்வில் பால் குக்கர். அது மெல்லியதாகச் சீழ்க்கையடிக்க ஆரம்பித்து, பிறகு வீடே கூசுகிற அளவுக்குக் கத்தியது. அவர் தலை நிமிரவில்லை. வேலை மும்முரத்தில் இருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அதற்குள் கொல்லையிலிருந்து மதினி குரல் கொடுத்தாள்.

"பால் குக்கர் கத்துதே, காதுல விழலையா?"

மதினியின் குரல் கேட்டது அவருக்கு. நிமிர்ந்தார். ஸ்டவ்வைப் பார்த்தார். குக்கரின் மூக்கிலிருந்து ஆவி பீய்ச்சுவதைக் கண்ணால் பார்த்து, அதற்குப் பிறகுதான், "ஆமா, கொதிச்சிட்டு" என்று அணைத்தார். சத்தம் நின்றது. நின்றதும் அவருக்குத் தெரியவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் கொல்லைக்குப் போய் மதினியிடம் சொன்னேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். பிழிந்து முடித்ததும் சொன்னாள்.

"கொசு காதுகிட்ட வந்தாக்கூட அவுகளுக்குத் தெரியாது பிள்ள. கடிச்ச பொறவுதான் அடிப்பாக. நெனப்பு வேற எங்கயோ இருக்குன்னுல்லா நெனச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் உள்ளே போனோம். மதினிதான் ஆரம்பித்தாள். "உங்க பெட்டியில ஒரு குறையும் இல்ல" என்றாள். முதல் தடவையாக அவள் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்கிறாள் என்று அவர் சந்தோஷமாக நிமிர்ந்தார். காதைப் பற்றிய மிச்சத்தையும் அவளே சொன்னாள்.

அவர் சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "எத்தன வருஷமா அந்த டிரம்ஸ் சிம்பல் தட்டு பக்கத்துல நிக்கேன்" என்றார். அப்புறம், "குக்கர இன்னொரு வாட்டி கத்த விடு" என்றார். மதினி தண்ணீர் ஊற்றிப் பற்ற வைத்தாள். மூன்று பேரும் குக்கரைச் சுற்றி நின்றோம். கத்த ஆரம்பித்தபோது நாங்கள் இருவரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் எங்கள் முகங்களைப் பார்த்தார். "இப்ப கத்துதா?" என்று கேட்டார்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை செய்தார்கள். கூரான சத்தங்கள் போய்விட்டன, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மேடைப் பக்கம் போகாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். பரிசோதனை வரைபடத்தில் கோடு பாதி வரைக்கும் நேராகப் போய், அப்புறம் சரிந்து கீழே விழுந்திருந்தது. அவர் அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மதினியிடம் சொன்னாராம்: "பெரிய கெப்பாசிட்டர் ஒண்ணப் போட்டு மூடுனா இப்பிடித்தான் கோடு விழும். நான் வெளியிலல்லா கழட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

காது கெட்டதால்தான் அவர் அந்த டப்பாவை அப்படிப் போட்டுப் பாடாய்ப் படுத்தினார் என்று அண்ணாச்சி பிறகு எல்லோரிடமும் சொன்னார். பாதிதான் உண்மை. காது நன்றாக இருந்தபோதும் அவர் மின்விசிறிகளைக் கழற்றியவர்தான். ஆனால் இந்த முறை கழற்றுவதற்கு வழி இல்லை.

ஒரு வாரம் டப்பாவைத் தொடவில்லை என்று மதினி சொன்னாள். அவளுக்கு அது நிம்மதியாக இல்லை, பயமாக இருந்தது. பிறகு என்னை வரச் சொல்லி அனுப்பினார். நான் போனபோது ஸ்பீக்கரை மதினியின் மிஷின் பக்கம் திருப்பி வைத்திருந்தார். "நீங்க ரெண்டு பேரும் கேளுங்க. நான் மாத்திக்கிட்டே வாரேன். எங்கன நிறுத்தணும்னு நீங்க சொல்லணும்."

"எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்?" என்றாள் மதினி.

"பாட்டு வேண்டாம். உறுத்துதா உறுத்தலையான்னு மட்டும் சொல்லு."

ஒவ்வொரு கெப்பாசிட்டராக ஈயத்தால் பற்ற வைத்து வாசித்துக் காட்டினார். மதினி தையலை நிறுத்தவில்லை. "துருப்பிடிச்ச கத்திரி போவுது" என்பாள். "இப்ப கொஞ்சம் பரவால்ல." "இது ஈரத்துணி மாரி தொங்குது, வேண்டாம்." என்னை விட அவள் சரியாகச் சொன்னாள். ஒரு இடத்தில் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் நின்றது. ஊசி துணியில் குத்தியபடி நிற்க, அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். நானும் கேட்டேன். கரகரப்பு இருந்தது, ஆனால் முள் இல்லை. ஒரு ஆண் பிள்ளை அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"இங்கனயே இருக்கட்டும்" என்றாள்.

"நல்லா இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லா இருக்கு அண்ணே."

"எனக்குக் கிணத்துக்குள்ள போட்ட மாரி கேக்கு." சிரித்தார். பிறகு அந்தக் கெப்பாசிட்டரைப் பலமாகப் பற்ற வைத்தார். மேடையில் இடத்துக்கு இடம் கொஞ்சம் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு திருகு மட்டும் வைத்தார். உள்ளே மீதி எதையும் அவர் அதற்குப் பிறகு தொடவில்லை.

டாக்டர் சொன்னதை மீறி, ஒத்துக்கொண்ட கச்சேரிகளை மட்டும் காதில் பஞ்சோடு முடித்துக் கொடுத்தார். அதோடு மேடையை விட்டுவிட்டார். அண்ணாச்சி கிட்டார் சத்தத்தைக் கீபோர்டிலேயே வைத்துச் சமாளித்துக்கொண்டார். கொஞ்ச காலத்தில் நானும் நின்றுவிட்டேன். ஜவுளிக் கடையில் அவரைப் பார்ப்பேன், பில்லைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "தொண்டை எப்பிடி இருக்கு பிள்ள?" என்பார். பிறகு அவரும் மதினியும் அவளுடைய அண்ணன் ஊருக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கடைசிக் கச்சேரிகளில் ஒன்று அம்பாசமுத்திரத்தில், ஒரு வரவேற்பு. சாயங்கால வெளிச்சம் இன்னும் போகவில்லை. எனக்கு அன்றைக்குப் பகல் முழுக்கப் பள்ளிக்கூடம், பிறகு பஸ், மேடையேறும்போதே கால் மரத்திருந்தது. கணவனைப் பறிகொடுத்தவள் பாடுகிற சினிமாப் பாட்டு ஒன்றை யாரோ கேட்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் அதைப் போய்க் கேட்பார்களா என்று அலுத்துக்கொண்டே ஆரம்பித்தேன். நடுவில் அவருடைய கிட்டார் வந்தது. நன்றாகத்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது மங்க ஆரம்பித்தது. இன்னும் மங்கியது. ஒரு வரி பாடி முடிப்பதற்குள் போர்வைக்குள் போய்விட்டது.

திரும்பினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்தபடி ஒரு கையாலேயே கிட்டார்க் கம்பியை அழுத்தி அழுத்தி ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார்; இன்னொரு கை அந்தத் திருகில். என் நெற்றியைச் சுளித்தது அலுப்பு. அவர் அதைச் சத்தம் கூராக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு திருகைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். மேடையில் அவருக்கு மதினி இல்லை. என் முகம் ஒன்றுதான் இருந்தது.

நான் சிரித்தேன். அவர் கை நின்றது. இன்னும் நன்றாகச் சிரித்தேன். திருகு பைய மேலே ஏறியது, கிட்டார் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து வந்தது, அன்றைக்கு மிஷின் பக்கத்தில் கேட்ட அதே குரல். "ம்" என்று தலையாட்டினேன். அவர் நிமிர்ந்து இரண்டு கையாலும் வாசிக்க ஆரம்பித்தார்.

அண்ணாச்சி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார். "ஏ பிள்ள, புருசன் செத்த பாட்டுக்கு என்னத்துக்குச் சிரிக்க? சனம் என்ன நினைக்கும்?"

சரணம் மீதி இருந்தது, அதற்குப் பிறகு ராத்திரி வரைக்கும் பாட்டுகள் மீதி இருந்தன. அவர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, பாவி நான், எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பாடினேன்.